பாதரசக் கரைசல்

பெங்களூர்,
18 டிசம்பர் 1991

அன்பு மனைவிக்கு,

எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. பயப்படாதே.

வெள்ளிக்கிழமை மதியம், தூத்துக்குடியிலிருந்து வந்த கடல்நீர்க் கேன்களில் நானும் லேப் உதவியாளர் தங்கவேலுவும் பாதரசக் கரைசல் விட்டுக்கொண்டிருந்தோம். நீரிலுள்ள நுண்ணுயிர்களைக் கொன்றால்தான் ஆய்வு முடியும்வரை அது மாறாமல் இருக்கும்.

கதவை உடைத்துக்கொண்டு காவிரிக் கலவரக்காரர்கள் எட்டுப் பேர் வந்தார்கள். கேன்களில் இருந்த தமிழ் எழுத்தைப் பார்த்தார்கள். தங்கவேலு இங்கே தொம்மலூரிலேயே பிறந்தவர். அவர்களைவிட நல்ல கன்னடத்தில் கெஞ்சினார். இரும்புக் கம்பியால் முழங்காலை உடைத்தார்கள். ஒருவன் கரைசல் பாட்டிலை எடுத்து, "நிம்ம காவேரி நீரு, குடியோ!" என்று அவர் வாயைப் பிளந்தான்.

"விஷா அண்ணா, விஷா!" என்று தங்கவேலு கத்தினார்.

அவர்கள் சிரித்தபடி, அது உண்மையா என்று வெள்ளைக் கோட்டில் நின்ற என்னைக் கேட்டார்கள்: "ஹௌதா சார்?"

ஆமாம் என்று சொல்லக் கன்னடத்தில் ஒரு சொல் போதும். வாயைத் திறந்தால் நானும் தமிழன் என்று தெரிந்துவிடும். நின்றேன்.

ஞாயிறன்று தங்கவேலு இறந்துவிட்டார்.

நேற்று அவர் மனைவி முத்தம்மா லேபுக்கு வந்தார்.

"அது விஷம்னு அவனுங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியாதும்மா" என்றேன்.

உன் கணவன்