அபினேஷ் வீட்டுக் காபி

கணவனுக்குக் கான்ட்ராக்ட் வேலை நின்ற பிறகு கொளஞ்சி முதல்முறையாக வேலைக்குப் புறப்பட்டாள். மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டில் மகன் இன்னும் எழுந்திருக்கவில்லை. கேலண்டர் தாளின் பின்பக்கம் அவனுக்கு எழுதினாள்:

"நிலவா, பழையது சட்டியில இருக்கு, துவையல் அரைச்சி வச்சிருக்கேன். அப்பாவ எழுப்பாத, ராத்திரி பூரா முழிச்சிக்கினே இருந்தாரு. 'பெத்தீங்கல்ல, பைக் வாங்கிக் குடுங்க'ன்னு நேத்து நீ கத்தினதுல பாதி சோத்துல எழுந்துட்டாரு. அவர ஒண்ணும் கேக்காத. நான் வாங்கித் தரேன். டவுன்ஷிப்புல ஒரு குவார்ட்டர்ஸ்ல பாத்திரம் தேய்க்க, வூடு கூட்டக் கூப்பிட்டிருக்காங்க."

யார் வீடு என்று எழுத மனம் வரவில்லை. மகனுடைய கல்லூரிக் கூட்டாளி அபினேஷின் வீடு அது. அவன் புது பைக்கைப் பார்த்துத்தான் இவனும் கேட்டான்.

செருப்பு மாட்டியவள் திரும்பி வந்து, தாளின் ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினாள்:

"அபினேஷ் வூடுதான்டா. பயப்படாத, அந்தப் புள்ளைக்கு நான் யாருன்னு தெரியாது. நீதான் யாரையும் நம்ம வூட்டுக்குக் கூட்டியாந்ததே இல்லியே. நீ அங்க வந்தா நான் யாரோ மாதிரி இருந்துக்குவேன். காபி கொண்டாந்து குடுத்தா எழுந்திரிக்காத. உக்காந்துக்கினே வாங்கிக்க."