வேகமாக எண்ணும் கம்ப்யூட்டர்

மார்ச் 4

அத்தான் யாரையும் கேட்காமல் புதுக் கம்ப்யூட்டர் வாங்கி வந்துவிட்டார். கார் பெயின்ட் கடை எங்களுடையது. கல்லாவில் அக்கா, வாய்ப்பேச்சுக்கு அத்தான், கலவைக்கு நான். அடிப் பெயின்ட்டை நான் டப்பாவில் ஊற்றுவேன். அதில் சாயம் விடுவது மெஷின். அந்த மெஷினை ஓட்டும் புரோகிராம் கடை திறந்தபோது போட்டது. எழுதிய கம்பெனியே இப்போது இல்லை. இத்தனை வருடமாக நான் திருத்திச் சேர்த்த நிறங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

"அப்படியே தூக்கிப் புதுசுல போட்டாச்சு. எப்படிப் பறக்குது பாரு" என்றார். பழைய கம்ப்யூட்டர் காயலான் கடைக்குப் போய்விட்டதாம். ஒரு வாரம் இருக்கட்டும் என்று சொல்லியிருப்பேன். என்னைக் கேட்டால்தானே?

மார்ச் 6

பறக்கத்தான் செய்கிறது. அதற்கும் எரிச்சல் வருகிறது.

மார்ச் 7

வேன்காரர் நீலம் கேட்டார். அட்டையில் தடவி, காயவைத்துப் பார்க்காமல் நான் டப்பாவைக் கொடுத்ததே இல்லை. இன்று கொடுத்தேன். புது கம்ப்யூட்டர் இருக்கும்போது அந்தச் சடங்கெல்லாம் எதற்கு என்று அத்தான் டப்பாவைப் பிடுங்கி மூடிவிட்டார்.

மார்ச் 10

வேன்காரர் கதவைக் கழற்றித் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். வண்டி அடர் நீலம், கதவு பலமுறை துவைத்த சட்டை மாதிரி. கடை நிறைய ஆட்கள். அத்தான் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"கலக்கினது இவதான். இவளுக்கு இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியறதில்ல."

அக்காவைப் பார்த்தேன். அவள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

மார்ச் 11

கண் டாக்டரிடம் போனேன். ஒரு குறையும் இல்லையாம். அந்த ஆள் பேச்சைக் கேட்டு நானே சந்தேகப்பட்டுப் போனேனே — அதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச் 13

இன்னும் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். எல்லாமே வெளுப்பு. சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்தாள். கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கொள்ளேன் என்றாள். ஓய்வாம்! போ என்று சொல்லேன், வாய் வராதா? எனக்கு வேற என்ன வேலை தெரியும்னு நெனச்சே?

மார்ச் 14

கடை திறந்ததும் முதல் வேலையாக மெஷினுக்கு அடியில் ஒரு கிண்ணத்தை வைத்துச் சாயத்தை நிறுத்துப் பார்த்தேன். பத்து கிராம் கேட்டால் நாலுகூட விழவில்லை. ஆக, கோளாறு என் கண்ணில் இல்லை! கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரைக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் நோண்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இந்தப் புரோகிராமுக்கு மணி பார்க்கத் தெரியாது. குழாயைத் திறந்துவிட்டு, ஒண்ணு ரெண்டுன்னு எண்ணும். எண்ணி முடிச்சா மூடிடும். பழைய கம்ப்யூட்டர் நிதானமா எண்ணிச்சு. இது மூச்சுவிடாம எண்ணிடுது. சாயம் விழறதுக்குள்ள மூடிக்குது."

புரோகிராம் மட்டும் மெதுவாக ஓடும்படி ஏதோ செய்தார். பத்து கேட்டோம், பத்து விழுந்தது. அத்தான் பக்கத்தில் நின்று பார்த்தார். "அப்ப சரியாயிடுச்சு" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

பிறகு வேன்காரருக்குப் போன் போட்டார். நான் அங்கேயே நிற்கிறேன், அக்காவும் இருக்கிறாள்.

"கலக்கற ஆளை மாத்திட்டோம். இனிமே தப்பு வராது."

அக்கா கல்லாவில் சில்லறையை எண்ணினாள். நான் கையைக் கழுவிவிட்டு வந்துவிட்டேன். நாசமாப் போகட்டும்.

மார்ச் 19

போன் அடித்தது. அக்கா. எடுக்கவில்லை.

ஏப்ரல் 2

காலையில் வாசலில் அக்கா. கையில் பெயின்ட் தடவிய அட்டை. "இது சரியா இருக்கான்னு பாரு" என்றாள்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நல்ல நீலம், குறை சொல்ல ஒன்றுமில்லை. சரியாக இருக்கிறது என்றேன். உள்ளே கூப்பிடுவேன் என்று படியிலேயே நின்றாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள பெயின்ட் கடையில் இப்போது எனக்கு வேலை, ஒன்பது மணிக்கு அங்கே இருக்க வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டு கதவைப் பூட்டினேன்.