காது குத்த மாமா வேண்டும்

அன்புள்ள அண்ணா,

போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

சீனாவிலிருந்து லின்னை நான் தத்தெடுத்து வந்தபோது, மடியில் வைத்துக் காது குத்தவென்று தோடு வாங்கி வந்தீர்கள். "இந்தச் சடங்கெல்லாம் இவளுக்கு வேண்டாம்" என்றேன். சடங்கைத்தான் மறுத்தேன். தாய்மாமன் என்ற உரிமையையே மறுத்ததாக நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். அது தெரிந்தும் பன்னிரண்டு வருடங்களாக நான் திருத்தவில்லை. நகரின் மறுகோடி மங்கரேயிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, அவளுடைய நெட்போல் ஆட்டத்தைக் கம்பி வேலிக்கு வெளியே நின்றே பார்த்துவிட்டுப் போகிறீர்கள்.

நேற்று அவள் தமிழிலேயே கேட்டாள். "அம்மா, நான் காது குத்தப் போறன். மாமாவைக் கூப்பிடுங்கோ." சிநேகிதி ராகவிக்கு மாமாதான் மடியில் வைத்துக் குத்துவித்தாராம்.

"பதினாலு வயசில மடியில இருக்கப் போறியோ?"

"மாமா பாவம், முழங்கால் உடைஞ்சிடும். கையைப் பிடிச்சா ஓகே."

சடங்குகளில் எனக்கு இன்றும் நம்பிக்கை வரவில்லை. அதை அவளிடம் சொல்லவும் மனம் வரவில்லை.

ஞாயிறு காலை பத்து மணி, மவுண்ட் ஆல்பர்ட் ஸ்டேஷனுக்குப் பக்கத்து மருந்துக் கடையில் குத்துகிறார்கள். பெற்றோர் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டேன். உள்ளே துணைக்கு ஒருவர்தான் இருக்கலாமாம். நான் காரில் இருப்பேன்.

உங்கள் தங்கை