சித்திரைப் பௌர்ணமிக் கஞ்சி

அக்கா,

எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்று சந்தேகம்தான். தாயை இழந்தவர்கள் பிடிக்கும் சித்திரைப் பௌர்ணமி விரதத்தை, அம்மா இருக்கும்போதே அப்பா உன்னை மட்டும் பிடிக்க வைத்தார். "இதைப் பிடிச்சால் பள்ளிச் சோதனை நல்லாச் செய்வாய், பிள்ளை" என்பார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

அது ஏன் என்று நேற்று நாம் கேட்டதும், "உன்னை நான் பெறேல்லை" என்றார் அம்மா. நீ எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். மீதியை நான்தான் கேட்டேன். உன்னைப் பெற்றவர் அம்மாவின் சொந்த அக்கா. பிரசவத்திலேயே போய்விட்டார். உன்னை வேறொருத்தி வளர்க்கக்கூடாதென்றே அம்மா அப்பாவைக் கட்டினாராம். கேட்டதிலிருந்து எனக்கு மனம் நிறைந்திருக்கிறது.

அடுப்பில் இன்றைய விரதக் கஞ்சி. சூடாக்கிக் குடி. தன் அக்காவுக்கென்று அம்மா ஒளிக்காமல் காய்ச்சிய முதல் கஞ்சி.

வெளியே போகும்போது சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு.

சிவயோகம்

பி.கு: "இனி என்னோடை கதைப்பாளோ?" என்று அம்மா கேட்டார். நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விட்டேன். அம்மா கோயிலில், நீ வந்து கூட்டிப்போவாய் என்று இருக்கிறார்.