ஐந்து மாடுகளும் ஒரு கையெழுத்தும்

கெர்பாவ் ரோடு, சிங்கப்பூர்
12-3-1958

என் கண்ணு லீலாவுக்கு அம்மாயி எழுதுவது. வீரமாகாளியம்மன் புண்ணியத்தில் இங்கே முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். நீ லண்டன் குளிரில் காதை மூடிக்கொண்டு போகிறாயா இல்லையா, அதை முதலில் எழுது.

உருளைக்கிழங்கை வெறும் தண்ணீரில் அவித்து உப்புகூடப் போடாமல் தட்டில் வைக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குக் குமட்டியது. நான் மாட்டுக்கே தவிட்டில் ஒரு கை உப்புப் போட்டுத்தான் வைப்பேன்.

மாடு என்றதும் ஞாபகம் வருகிறது. உன் படிப்புக்காகப் போன வருஷம் ஐந்து மாட்டையும் விற்றேன் அல்லவா, இப்போதுதான் நகராட்சி ஆபீசுக்குப் போய் மாட்டு லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும் கைநாட்டு. அவர்களுக்கு அங்கே இருக்கிற ஆள் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லி, "வெளங்குச்சா? வெளங்குச்சா?" என்று கேட்டுத்தான் மையில் விரலை வைக்கவிடுகிறார். அது சட்டமாம். அரை மணி நேரம் கால் கடுக்க நின்றேன். என் முறை வந்ததும் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். "போகலாம்மா" என்றார். அவ்வளவுதான். ஐந்தாவது படித்ததற்கு அந்த மரியாதையாவது உண்டு.

பக்கத்து வீட்டுச் செல்லக்கண்ணு கேட்கிறான், "பொட்டப் புள்ளைக்காவா மாட்ட வித்தே?" என்று. "ஆமாடா, உன் மவன் கள்ளுக்கடைக்கு நடந்தே போறான். என் பேத்தி கோர்ட்டுக்குக் கப்பல்ல போயிருக்கா" என்றேன். அன்றையிலிருந்து என் வாசல் பக்கம் வருவதில்லை. நிம்மதி.

தாயில்லாப் பிள்ளை என்று ஒருத்தர் உன்னைப் பாவம் பார்க்கக் கூடாது. நன்றாகப் படி.

உன் அம்மாயி
செ. தையல்நாயகி


லண்டன்
24-11-1960

அன்புள்ள அம்மாயிக்கு, லீலா வணக்கத்துடன் எழுதுவது.

நேற்று இரவு என்னை பாரிஸ்டராக ஏற்றுக்கொண்டார்கள். போட்டோ இதில் இருக்கிறது. தலையில் இருப்பது குதிரைமயிர்த் தொப்பி. நீங்கள் "சீ" என்பீர்கள் என்று தெரியும். எனக்கும் அரித்தது.

கொலைக் கேஸ் நடத்துவாயா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை அம்மாயி. நான் எடுத்தது வியாபார வழக்கு. ஒருவன் இல்லாத சரக்கைக் காட்டிப் பணம் வாங்கியிருப்பான். கேஸ் வருகிறது என்று தெரிந்ததும் சொத்தை மச்சான் பெயரிலோ மாமியார் பெயரிலோ மாற்றிவிடுவான். அதைத் தோண்டி எடுத்து, ஏமாந்தவருக்குத் திருப்பிக் கொடுக்க வைப்பதுதான் என் வேலை. இதில் யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை. பணம் திரும்பி வரும், அவ்வளவுதான். எனக்கு இது பிடித்திருக்கிறது.

கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ஆபீஸ் உள்ள ஒரு வக்கீல் கம்பெனி என்னை ஜூனியராக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது. முதல் சம்பளத்தில் உங்களுக்கு ஒரு மாடு வாங்கித் தருகிறேன். கட்ட இடம் இருக்கிறதா?

உங்கள்
லீலா


கெர்பாவ் ரோடு, சிங்கப்பூர்
20-2-1964

கண்ணு லீலாவுக்கு,

பொங்கலுக்கு வந்து மூன்றே நாளில் கோலாலம்பூர் ஓடிவிட்டாய். முறுக்கு டின் இங்கேயே கிடக்கிறது. எறும்பு தின்கிறது.

உன் கட்சிக்காரர் தங்கராஜு நேற்று வந்தார். துணி இறக்குமதி செய்கிறவராம். பெரிய பிஸ்கட் டின்னும் ஆப்பிளும் கொண்டுவந்து வைத்தார். "அம்மா, நீங்க எனக்குப் பெத்த தாய் மாதிரி" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்தக் கை செத்த மீன் மாதிரி சில்லென்று ஈரமாக இருந்தது. அவர் போனதும் சவுக்காரம் போட்டுக் கழுவினேன். அத்தர் வாசனை போகவே இல்லை. இந்த மாதிரி ஆளோடு நீ எப்படி உட்கார்ந்து பேசுகிறாய்? பிஸ்கட்டைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். ஆப்பிளைத் தின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. பொங்கலுக்கு நீ வந்தபோது உன் சிங்கப்பூர் ஆபீசில் நான் கையெழுத்துப் போட்ட இங்கிலீஷ் கடுதாசியைப் பற்றி மனசில் ஒரு உறுத்தல். அந்த யாழ்ப்பாணத்தார் பசுபதி, கோர்ட்டில் தமிழ் சொல்லுகிறவர், "அம்மா, நான் முழுக்க வாசிச்சுச் சொல்லோணும், பிறகு கையெழுத்து வையுங்கோ" என்றார். நான்தான், "எம் பேத்தி எழுதுனத நீங்க எனக்கு வாசிக்கிறதா? நான் என்ன கைநாட்டா?" என்று சொல்லிவிட்டேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டார். என்ன கர்வம் என்று அப்போது நினைத்தேன். அவர் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் நீ போட்டாய். அது சரிதானே?

செ. தையல்நாயகி


கோலாலம்பூர்
2-3-1964

அன்புள்ள அம்மாயி,

சரிதான். ஆபீஸ் விஷயம், உங்களுக்கு ஒரு சிரமமும் வராது. யாராவது வந்து கேட்டால், "என் பேத்தியைக் கேளுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். தங்கராஜு எங்கள் கம்பெனியின் பெரிய கட்சிக்காரர். மூத்த வக்கீல் அவர் வேலை முழுவதையும் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். வந்து நான்கு வருஷம்கூட ஆகாத ஒரு பெண்ணுக்கு இது பெரிய விஷயம். அவர் கையை நான் பிடிப்பதில்லை. பேப்பரைத்தான் பிடிக்கிறேன்.

உங்கள்
லீலா


கெர்பாவ் ரோடு, சிங்கப்பூர்
16-5-1965

லீலாவுக்கு,

வெள்ளிக்கிழமை கோர்ட்டு ஆள் ஒரு நீளக் கவரைக் கொண்டுவந்தார். அதையும் நான் பெருமையாகக் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கினேன். எல்லாம் இங்கிலீஷ். உனக்கு அனுப்பலாம் என்று சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தேன்.

மறுநாள் காலையில் ருக்கையா வந்தாள். உனக்கு ஞாபகம் இருக்கும். டன்லப் ஸ்ட்ரீட்டில் துணிக்கடை வைத்திருந்த இப்ராஹீம் பாயின் சம்சாரம். பன்னிரண்டு வருஷம் நம்மிடம் பால் வாங்கியவள். பாய் மௌத்தாகி இரண்டு வருஷம் ஆகிறது. வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை. கையில் அதே மாதிரிக் கடுதாசி. "அக்கா, இதுல தையல்நாயகின்னு ஒரு பேரு இருக்காம். அது வேற யாரோதானே? ஊர்ல எத்தனையோ தையல்நாயகி இருப்பாங்கதானே?" என்று கேட்டாள்.

நீ சொல்லிக் கொடுத்தபடி, "எம் பேத்தியக் கேளு" என்றேன். சொன்ன வாயில் சாணியை வைத்த மாதிரி இருந்தது. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

கவரை எடுத்துக்கொண்டு ரேஸ் கோர்ஸ் ரோட்டில் பசுபதி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் சொன்னார். நான் கையெழுத்துப் போட்ட கடுதாசியின் நகலும் அதிலேயே இருந்தது. ஒன்றரை மணி நேரம். நடுவில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

தங்கராஜு பம்பாயிலிருந்து துணி மூட்டை கப்பலில் வருகிறது என்று பொய் ரசீது காட்டிச் சின்னக் கடைக்காரர்களிடம் முன்பணம் வாங்கினான். மூட்டையும் இல்லை, கப்பலும் இல்லை. இப்ராஹீம் பாய் கடையை அடகு வைத்துக் கொடுத்திருக்கிறார். ருக்கையா கேஸ் போட்டு ஜெயித்தாள். ஆனால் பிடிப்பதற்கு அவன் பெயரில் ஒரு செங்கல்கூட இல்லை. அவனுடைய கடைவீடு போன வருஷமே என் பெயருக்கு மாறிவிட்டதாம். நான் விலை கொடுத்து வாங்கினேனாம். சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டிருக்கிறேனாம். அது செல்லாது என்று ருக்கையாவின் வக்கீல் என்மேலும் கேஸ் போட்டிருக்கிறார்.

எந்தப் பணத்தில் வாங்கினேன் என்று எழுதியிருக்கிறாய் தெரியுமா? பசுபதி அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார். "சொல்லுங்க" என்றேன். "பால் வியாபாரம் செய்து, ஐந்து மாடுகளை விற்ற பணத்தில்."

அடி பாவி! அந்த ஐந்து மாட்டையும் இரண்டாம் தடவை விற்றிருக்கிறாய்.

கடைசி வரி இது: "மேலே உள்ளதெல்லாம் என்னால் தமிழில் வாசித்து விளக்கப்பட்டது, அவர் நன்றாகப் புரிந்துகொண்டார்." கீழே உன் கையெழுத்து. தங்கராஜு கை ஈரம் என்று நான் சவுக்காரம் போட்டேன். இதை எதைப் போட்டுக் கழுவுவது? வீட்டுக்கு வந்து உன் போட்டோவைத் திருப்பி வைத்திருக்கிறேன்.

நான் உத்தமி இல்லை. பாலில் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். இன்ஸ்பெக்டர் பிடித்து அபராதம் கட்டியதும் உண்டு. ஆனால் தண்ணீரை ஊற்றிவிட்டு, இது தண்ணீர் இல்லை என்று சத்தியக் கடுதாசி எழுதிக் கொடுத்ததில்லை. அதிலும் இன்னொருத்தியைக் கையெழுத்துப் போட வைத்ததில்லை.

பதில் எழுது.

செ. தையல்நாயகி


கோலாலம்பூர்
3-6-1965

அன்புள்ள அம்மாயி,

உங்கள் கடிதத்தை ஆபீஸ் குளியலறையில் நின்று படித்தேன்.

மூத்த வக்கீல், "நம்பிக்கையான ஒரு பெயர் வேண்டும், ஆறு மாதத்துக்கு மட்டும்" என்றார். முடியாது என்றால் அந்த மேசை வேறொருவருக்குப் போயிருக்கும். இந்த ஆபீசில் பதினோரு ஆண்கள், நான் ஒருத்தி. முதல் மூன்று வருஷம் என்னை டைப்பிஸ்ட் என்று நினைத்துக் கட்சிக்காரர்கள் காப்பி கேட்டார்கள். யாரையும் ஏமாற்றுகிறேன் என்று நான் அன்றைக்கு நினைக்கவில்லை. இல்லை, நினைத்தேன். நினைத்ததைத் தள்ளி வைத்தேன்.

ருக்கையா அக்காவின் பணத்தை நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிடுகிறேன். சத்தியமாக. ஆனால் கோர்ட்டில் உங்களைக் கூப்பிட்டு, வாசித்துக் காட்டினார்களா என்று கேட்பார்கள். ஆமாம் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள். இல்லை என்று சொன்னால் வக்கீல் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு நான் எங்கேயும், எதுவும் இல்லை.

கோபப்படாதீர்கள், இதையும் சொல்லவேண்டும். பசுபதி வாசிக்கிறேன் என்றாரே. வேண்டாம் என்றது நீங்கள்தானே அம்மாயி?

உங்கள்
லீலா


கெர்பாவ் ரோடு, சிங்கப்பூர்
26-9-1965

லீலாவுக்கு,

போன மாதம் சிங்கப்பூர் தனி நாடாகிவிட்டதால், இப்போது நீ இருப்பது வேறு நாடாம். இந்தக் கடிதம் நாடு விட்டு நாடு வருகிறது. தபால்தலை என்ன ஒட்டவேண்டும் என்று கேட்டுத்தான் ஒட்டுகிறேன்.

உன் கடிதத்துக்கு மூன்று மாதத்துக்கு மேலாகப் பதில் எழுதவில்லை. கேஸ் முடியட்டும் என்று இருந்தேன். முடிந்தது.

செவ்வாய்க்கிழமை பாடாங் மைதானத்துக்கு எதிரே பெரிய கோர்ட்டு. டிரைஷா வண்டியில் போனேன். தங்கராஜு வராந்தாவில் நின்று கும்பிட்டான். காறித் துப்ப வாயில் எச்சில் ஊறியது. கோர்ட்டு வாசல் என்பதால் விழுங்கினேன். உன் மூத்த வக்கீல் வெள்ளைக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். உன்னைத் தேடினேன். நீ வரவில்லை.

ருக்கையாவின் வக்கீல் கேட்டார், பசுபதி தமிழில் சொன்னார். "அந்தக் கடுதாசியை உங்களுக்கு வாசிச்சுக் காட்டினவையோ?"

இரண்டு வார்த்தை என் நாக்கில் நின்றது. உன்னை ஆற்றங்கரைப் பள்ளிக்கூடத்துக்கு இடுப்பில் தூக்கிக்கொண்டு போனதெல்லாம் ஞாபகம் வந்தது. கேள்வியைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னார்.

"வாசிக்கல. வாசிக்க வேண்டாம்னு சொன்னதும் நான்தான். அய்யா வாசிக்கத்தான் வந்தாரு. திமிர்ல திருப்பி அனுப்பிட்டேன்" என்றேன்.

நீ எழுதியது சரி. அதனால் உன் பங்கையும் சொன்னேன், என் பங்கையும் சொன்னேன்.

"ஐந்து மாடுகளை எப்போது விற்றீர்கள்?"

"ஐம்பத்தேழுல."

"அந்தப் பணம் எங்கே போனது?"

"லண்டனுக்கு."

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். ஜட்ஜ் துரை சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டே இருந்தார்.

வீடு என் பெயருக்கு மாறியது செல்லாது என்று தீர்ப்பு. அதை விற்று ருக்கையாவுக்கும் மற்றவர்களுக்கும் கொடுப்பார்கள். நீ கையெழுத்துப் போட்டதையும், உன் மூத்த வக்கீல் பெயரையும் வக்கீல் சங்கத்துக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார். மூத்த வக்கீல் தனக்கு ஒன்றுமே தெரியாது, எல்லாம் அந்தப் பெண் செய்தது என்று அங்கேயே சொல்லிவிட்டார். நீ யாருக்காக என் பெயரை விற்றாயோ அந்த ஆள். கேட்டுக்கொண்டுதான் நின்றேன். அவரைப் பார்த்தும் குமட்டியது, என்னை நினைத்தும் குமட்டியது. உன்னை நினைத்தால் மட்டும் குமட்டல் பாதியில் நின்று வேறு என்னவோ ஆகிறது. அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

ருக்கையா வெளியே வந்து என் கையைப் பிடிக்கவில்லை. பிடிப்பாள் என்று நினைத்திருந்தேன். "போயிட்டு வாரேன்" என்று மட்டும் சொன்னாள். அதுவும் சரிதான்.

நான் கோர்ட்டில் சொன்னதை டைப் அடித்து, கையெழுத்து வாங்கக் கொண்டுவந்தார்கள். பேனாவை நீட்டினார்கள். மைப்பெட்டி கொண்டுவாங்க என்றேன். "அம்மா, உங்களுக்குத்தான் எழுதத் தெரியுமே" என்றார் பசுபதி. தெரியும். தெரிந்ததால்தான் ஒருத்தரும் எனக்கு வாசித்துக் காட்டவில்லை. கைநாட்டு வைக்கிறவளை வாசிக்காமல் விடமாட்டீர்களே, அந்தச் சட்டப்படி எனக்கும் வாசியுங்கள் என்றேன். வாசித்தார். ஒவ்வொரு வரிக்கும் "விளங்குதோ?" என்று கேட்டார். விளங்கியது என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் விரலை வைத்தேன்.

பட்டியலிலிருந்து உன் பெயரை அடித்தார்கள் என்றால் வேறு வேலை தேடு. பள்ளிக்கூடம் இருக்கிறது, கடை இருக்கிறது. எனக்கு மாடு வாங்கித் தருவதாகச் சொன்னாய், வேண்டாம். இந்தத் தெருவில் இனிமேல் மாடு கட்ட விடமாட்டார்கள்.

தீபாவளிக்கு வருவதென்றால் வா. சோறு உண்டு. முறுக்கு சுடுவேன். கையெழுத்து மட்டும் கேட்காதே.

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். எல்லாம் நான் எழுதியதுதான். புரிந்துதான் எழுதியிருக்கிறேன்.

உன் அம்மாயி

(இடது கைப் பெருவிரல் ரேகை)