மாதா வருவதற்குள்

ஒக்ரோபர் 3, வியாழன்

விடிய எழும்பியதும் காலில் ஈரம். கட்டிலடி. நேற்றும் அதே இடம். நாய்க்குட்டி கதவோரத்தில் இருந்துகொண்டு, வேறு யாரோ செய்த வேலையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தது. தெற்றோல் கிருமிநாசினி விட்டுத் துடைத்தேன். தங்கை அருள்நாயகி எழும்புமுன் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் துணியை வாளிக்குள்ளேயே விட்டுவிட்டேன். கண்டுவிட்டாள்.

"அண்ணை, இது வீடோ, மாட்டுப்பட்டியோ?"

வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். இது அவளுடைய வீடு. என் மனைவி பிலோமினா இறந்துபோன பிறகு, தனியே கிடக்க வேண்டாம் என்று என்னைப் பேசாலைக்குக் கூட்டி வந்த தங்கை. அப்படி இருக்கும் ஒருவன், கரையில் மீன்பெட்டிக்குள் கிடந்த நாய்க்குட்டியைக் கேளாமல் தூக்கி வந்தது சரியா?

ஒக்ரோபர் 5, சனி

முறையாகச் செய்தால் எதையும் செய்யலாம் என்று கச்சேரியில் அரசாங்க வேலை பார்த்த காலத்தில் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். சாப்பிட்டதும் வெளியே. நித்திரையால் எழும்பியதும் வெளியே. முருங்கைக்குக் கீழே நானும் குட்டியும் நிற்கிறோம். அது எறும்பைப் பார்க்கிறது. காகத்தைப் பார்க்கிறது. நான் உடுத்த சாரத்தைக் கடிக்கிறது. சரி, இல்லைப்போல என்று உள்ளே கூட்டி வந்தால், வாசற்படி தாண்டியதும் — ஒன்றுக்குப் போய்விடுகிறது.

பக்கத்து வீட்டு றோசம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "மூக்கைப் பிடிச்சு அதிலயே ரெண்டு தேய் தேயுங்கோ அண்ணை. பிறகு பாருங்கோ."

"பாவம்" என்றேன்.

"அப்ப நீங்கள்தான் துடைச்சுத் துடைச்சு இடுப்பு முறியவேணும்."

ஒக்ரோபர் 8, செவ்வாய்

அருள் இன்று சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தேத்தண்ணியை வைத்துவிட்டு எதிர்க் கதிரையில் இருந்தாள்.

செபமாலை மாதம். மாதாவின் சொரூபம் எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாக வருகிறது. ஒரு பின்னேரம் ஒரு வீட்டில் செபம், மறுநாள் அடுத்த வீடு. எங்கள் முறை பதினெட்டாம் திகதி.

"சனம் நிலத்தில பாய் விரிச்சு இருக்கிறது, அண்ணை. மாதா வாறதுக்குள்ள இது பழகவேணும். இல்லாட்டி றொசாந்தன் அரிசி கொண்டு வரேக்க அடம்பனுக்கு ஏத்திவிடுறன். வயல் வீட்டுக்கு நாய் வேணுமெண்டு கேட்டவன்."

றொசாந்தன் அவளுடைய கணவரின் சகோதரி மகன். நல்ல பிள்ளைதான்.

"ஓம்" என்றேன். ஓம் என்றா சொன்னேன்? வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று இன்னும் யோசிக்கிறேன்.

ஒக்ரோபர் 10, வியாழன்

மழை தொடங்கிவிட்டது. குட்டிக்கு மழை பயம். கதவைத் திறந்தால் என் கால்களுக்கிடையில் புகுந்துகொள்கிறது. ஹோலில் ஒருதரம், குசினி அடுப்படியில் ஒருதரம், அருளின் செருப்பில் ஒருதரம். ஏலாது. என்னால ஏலாது.

ஒக்ரோபர் 11, வெள்ளி

ஒரு யோசனை. கரையில் பிறந்த குட்டிக்கு மணல் தெரிந்திருக்குமே? பழைய தகரத் தட்டத்தில் கடற்கரை மணலைப் பரப்பிப் பின்கதவடியில் வைத்தேன். முகர்ந்தது. சுற்றியது. குந்தி இருந்தது! சந்தோஷத்தில் கை தட்டிவிட்டேன். பயந்து பாதியில் ஓடிவிட்டது. மடையன் நான்.

ஒக்ரோபர் 14, திங்கள்

தட்டத்திலேயே. நேற்றும்.

ஒக்ரோபர் 16, புதன்

வீட்டில் எங்கே நின்றாலும் மணலைத் தேடி ஓடுகிறது. இன்று அதைப் பார்த்துவிட்டு அருள் "ம்" என்றாள். அவளிடமிருந்து அது பெரிய சொல். சந்தோஷப்படலாமா? எங்கோ ஒரு பிழை இருக்கும் என்று மனம் சொல்கிறது. அது எப்போதும் அப்படித்தான் சொல்லும்.

ஒக்ரோபர் 19, சனி

நேற்று எழுதவில்லை. ஹோலைக் கழுவி முடிய நேரமாகிவிட்டது.

ஹோலில் பாய் விரித்து, சொரூபத்தைச் சிறிய மேசையில் வைத்தார்கள். வருபவர்கள் மெழுகுதிரி நடுவதற்கு, எல்லா வீட்டிலும் செய்வதுபோல, மேசைக்கு முன்னால் நிலத்தில் ஒரு தாம்பாளம். தாம்பாளம் நிறையக் கடற்கரை மணல். அள்ளி வந்து பரப்பிச் சமப்படுத்தியவன் நான். அப்போதுகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. படிச்ச மனிசனாம்!

சனம் வருகிறது என்று குட்டியின் தட்டத்தை அருள் கொட்டிக் கழுவி வைத்துவிட்டாள். குட்டியைக் குசினியில் அடைத்தோம். செபமாலையின் இரண்டாம் தேவ இரகசியம் சொல்லும்போது முனகத் தொடங்கியது. அந்த முனகல் எதற்கென்று எனக்குத் தெரியும். எழுந்துபோய், பின்பக்கத்தால் வெளியே விடலாமென்று குசினிக் கதவைக் கொஞ்சம்தான் திறந்தேன். குட்டி என் காலடியால் நழுவி, பாய், சனம், செபமாலை எல்லாம் தாண்டி நேரே தாம்பாளத்துக்குப் போனது. முகர்ந்தது. சுற்றியது. மாதாவின் காலடியில், எரிகிற திரிகளுக்குப் பக்கத்தில், ஒழுங்காகக் குந்தி இருந்தது.

செபத்தை நடத்திய யோசேப்பு மூப்பர் "சர்வேசுரனுடைய மாதாவே" என்ற இடத்தில் நின்றுவிட்டார். ஒரு திரி சீறி அணைந்தது.

றோசம்மாதான் வாய் திறந்தாள். "அதுக்கும் ஏதோ ஒரு நேர்த்திக்கடன் இருந்திருக்கு, பாவம்."

சனம் சிரித்தது. மூப்பரும் சிரித்தார். அருள் சிரிக்கவில்லை. கண்ணில் நீர் நிறையச் சொரூபத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒக்ரோபர் 20, ஞாயிறு

அது பிழை செய்யவில்லை. பழக்கியதைத்தான் செய்தது. வீட்டுக்குள் எங்கே போகக் கூடாது என்று நான் அதற்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. மணலை மட்டும் காட்டினேன். பிழை முழுக்க என்னுடையது. இதை அருளிடம் சொல்லக் குசினி வாசல் வரைக்கும் போனேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணை?"

"தேத்தண்ணி" என்றேன். குடித்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

ஒக்ரோபர் 23, புதன்

றொசாந்தன் வந்தான். அரிசி மூட்டையை இறக்கிவிட்டுக் குட்டியைத் தூக்கி வயிற்றைத் தடவினான். "வீட்டுக்க அசுத்தம் பண்ணுமோ மாமா?"

"மணல் கண்டால் அதில்தான் இருக்கும்."

"எங்கட வளவு முழுக்க மண்தானே. விரும்பின இடத்தில இருக்கட்டும்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான்.

அருள் ஒரு கிண்ணத்தில் பால் கொண்டுவந்து குட்டிக்கு வைத்தாள். அது குடித்து முடியும் வரைக்கும் அங்கேயே நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அண்ணை, உங்களுக்கு வேணுமெண்டா..." என்று தொடங்கி நிறுத்தினாள். நான் சொல்வதற்காகத்தான் நிறுத்தினாள். அது இப்போது விளங்குகிறது, அப்போதும் விளங்கியது. நான் குனிந்து என் செருப்பைத் தேடினேன்.

வாகனத்தில் ஏறிக் குட்டியை மடியில் வைத்தபிறகு றொசாந்தன் கேட்டான்:

"பேர் என்ன மாமா?"

குட்டி, குட்டி என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். தங்குமோ தங்காதோ என்று தெரியாத ஒன்றுக்குப் பேர் வைக்க யாரைக் கேட்பது என்று இருந்துவிட்டேனோ?

"இன்னும் வைக்கேல்லை."

"அப்ப ஜிம்மி" என்றான். "என்னடா ஜிம்மி?"

குட்டி உடனே திரும்பி அவனைப் பார்த்தது.