களியின் மேல் ஒரு சிலுவை

ஞாயிறு இரவு, திண்டிவனம்.

விழுப்புரத்திலிருந்து அண்ணன் வந்திருந்தார். என் நாவலைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"அம்மா கூலிக்குப் போன நெலத்துல மல்லாட்டைய மடியில கட்டித் திருடிக்கினு வந்தத ஊருக்கே சொல்லிட்டியே. செத்தவங்க மானத்த இப்படியா வாங்குவ?"

"அது அம்மா இல்லண்ணா, காமாட்சி. வெறும் கதை."

"காமாட்சி எதுக்குக் கேப்பைக் களி மேல கரண்டியால சிலுவை போடறா?"

ஊரை மாற்றினேன், பெயரை மாற்றினேன், கும்பிடும் சாமியைக்கூட மாற்றினேன். சட்டியை இறக்கியதும் அம்மா போடுகிற அந்தச் சிலுவை மட்டும் எனக்கே தெரியாமல் உள்ளே வந்துவிட்டிருக்கிறது.

"அடுத்த பதிப்புல அந்தத் திருட்ட எடுத்துடு. இல்லன்னா என் வீட்டுப் பக்கம் வராத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எடுக்க மாட்டேன். கூலி கிடைக்காத நாட்களில் அந்த வேர்க்கடலையைத் தின்றுதான் அவரும் வளர்ந்தார், நானும் வளர்ந்தேன். இதில் எனக்கு என்ன வெட்கம்? சிலுவையும் இருக்கும். காமாட்சியைத்தான் எடுக்கப்போகிறேன். அவள் இருந்த இடமெல்லாம் அம்மாவின் பெயரையே எழுதுவேன். அந்தோணியம்மாள்.